நீலக் கோள்

அரிசோனா வானாய்வகத்தின் அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: செய்தி அலுவலர் ஹார்லன், தொலைதூர நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்த பேராசிரியர் விட்கோம்ப், ஆய்வகத்தின் ஓவியர் டெல்ஃபின்.

"கோள் நீல நிறம்னு செய்தியில போடக்கூடாது," என்றாள் டெல்ஃபின். "ஆயிரம் டிகிரி சூடுங்கிறது இப்ப அளந்தது. நீலத்தை யாரு பார்த்தா?"

"உன்னோட தினம் இதே ரோதனை," என்றான் ஹார்லன். "கண்டுபிடிச்சவரே நீலம்கிறார். சாயங்காலம் செய்தி போயாகணும்."

"நீலம்தாம்மா," என்றார் விட்கோம்ப். "எத்தனையோ கட்டுரையில படிச்சிருக்கேன்."

"அதை எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஆய்வகம் வெளியிட்ட படத்தைப் பார்த்து."

"அது அஞ்சு வருஷம் முன்னாடி நான் வரைஞ்சது, புரொபசர். அன்னைக்குச் சிவப்பு பெயின்ட் தீர்ந்துபோச்சு."

விட்கோம்ப் பேனாவை எடுத்துச் செய்தி வரைவில் இருந்த 'நீலம்' என்ற சொல்லை அடித்தார்.

"நாலு மணிக்குப் புதுப் படம் தரேன்," என்றாள் டெல்ஃபின். "நட்சத்திரத்துக்கு முன்னாடி ஒரு கறுப்புப் புள்ளி. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

படம் வரையத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டாள்.