ஹரி சாருக்கு ஒரு காபி

ராஜினாமாக் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஜெஸிமா மீட்டிங்குக்குள் நுழைந்தாள். இன்றும் முதலாளி முடியாது என்றால், கடிதம் வெளியே வரும்.

அவர்கள் கம்பெனி செய்வது மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. விவசாயி வீட்டிலிருந்து போனில் தட்டினால் தோப்பில் மோட்டார் ஓடும். இன்னொரு தட்டு தட்டினால் நிற்கும். நிற்க வேண்டும். கொஞ்ச நாளாக நிற்பதில்லை.

"தொட்டியத்துலேருந்து சின்னையானு ஒரு விவசாயி போன் பண்ணினார் சார். தோப்பு பூரா தண்ணியாம். 'நான் வாழை போட்டேனா, அல்லி போட்டேனா, நீயே சொல்லும்மா'னு கேக்கறார்."

முதலாளி நல்லுசாமி சிரிக்கவில்லை. "அதுக்கு?"

"பெட்டிக்குள்ள இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் பழசு சார். வித்தவங்களே கைவிட்டுட்டாங்க. ஓப்பன் சோர்ஸ்ல புதுசு ஒண்ணு இருக்கு. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நாலு மாசமா ஓட்டிப் பார்த்துட்டேன். ஒரு தடவைகூட ஹேங் ஆகலை."

"சும்மாவா குடுக்கறாங்க?"

"சும்மாதான் சார்."

"யாரு அந்த மகராசன்? அட்ரஸ் என்ன?"

"ஒருத்தர் இல்ல சார். உலகம் பூரா ஆயிரம் பேர் சேர்ந்து எழுதினது."

"ஆயிரம் பேரா? இங்க பன்னிரண்டு பேரை வெச்சுக்கிட்டு என்னால ஒரு லெட்டர் எழுத முடியலை!"

கேன்டீன் வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"எனக்குக் காபி" என்றார் ஹரிஹரசுதன். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர். கம்பெனியின் மூத்த இன்ஜினீயர்.

"எல்லாருக்கும் டீ" என்றார் நல்லுசாமி.

இருவரும் தென்னூரில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். பத்தாவதில் ஹரிஹரசுதனுக்கு இரண்டு மார்க் கூட. அந்த இரண்டு மார்க் இன்னும் அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க ஹரி?"

ஜெஸிமா ஆவலோடு அவரைப் பார்த்தாள்.

"வேண்டவே வேண்டாம்."

அவள் முகம் தொங்கிப்போனது.

"யாரோ பண்றான், ஊருக்கெல்லாம் குடுக்கறான். எங்க கோயில் பிரசாதம் மாதிரி கையை நீட்டி வாங்கிண்டு வந்துடறதா?"

நல்லுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெப்படிங்க ஒண்ணாகும்? பிரசாதம் குடுப்பாங்க. மடப்பள்ளிக்குள்ள விடுவாங்களா? இங்க மடப்பள்ளிக் கதவையே திறந்து விட்டிருக்காங்க. உள்ள போய்ப் பார்க்கலாம். உப்பு குறைஞ்சா நாமளே போட்டுக்கலாம். அப்படித்தானேம்மா?"

"அப்படியேதான் சார்!"

"நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்கறது?" என்றார் ஹரிஹரசுதன்.

"இப்ப வித்தவனைக் கேட்டு என்ன கிடைச்சுது? அல்லிக்குளம்!"

"நான் இருக்கிறவரைக்கும் சம்மதிக்க மாட்டேன்."

"உங்க சம்மதத்தை இங்க யாரு கேட்டா?" நல்லுசாமி மேஜையைத் தட்டினார். "அடுத்த மாசத்துலேருந்து எல்லாப் பெட்டியிலும் இதுதான். எழுதிக்கம்மா!"

ஜெஸிமா வெளியே வந்து கடிதத்தை நாலாகக் கிழித்தாள். கோபம் மட்டும் கிழியாமல் அப்படியே இருந்தது. நேரே ஹரிஹரசுதன் அறைக்குப் போனாள்.

"நாலு மாச உழைப்பு சார். உதவி பண்ண வேண்டாம், குழியில தள்ளாமலாவது இருந்திருக்கலாமே?"

அவர் மேஜையில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் திரையில், அவளுடைய அதே புது சிஸ்டம். கீபோர்டுக்கு அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு எட்டிப் பார்த்தது. அவருடைய குண்டு குண்டான கையெழுத்து:

'நான் பிரசாதம் என்று ஆரம்பிக்க வேண்டும். மடப்பள்ளியை அவரே பிடித்துக்கொள்வார்.'

ஜெஸிமா அதை இரண்டு முறை படித்தாள்.

மீட்டிங்கிலிருந்து எடுத்து வந்திருந்த டீ டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை ரசித்து உறிஞ்சிவிட்டு, அவர் சொன்னார்:

"எனக்குக் காபியே பிடிக்காதும்மா. இருபது வருஷமா, டீ வேணும்னாதான் காபி கேக்கறேன்."