‘ஹார்ட்லி’ என்று எழுதியவள்

அரை மார்க்குக்காக ஒருவர் ஸ்டாஃப் ரூம் வரை ஏறி வந்தது பிரிஸில்லா டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கோபாலபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக இங்கிலீஷ் நடத்துகிறவருக்கே இங்கிலீஷ் சொல்லித்தர வந்துவிட்டாரே என்று எரிச்சலாக இருந்தது.

வந்தவர் ஏழாம் வகுப்பு வர்ஷினியின் அப்பா கிருபாகரன். மகளின் பரீட்சைத் தாளை மேஜைமேல் விரித்தார்.

“‘என் அப்பா’ங்கிற கட்டுரையில ‘மை ஃபாதர் ஹார்ட்லி ஒர்க்ஸ்’னு எழுதியிருக்கா. நீங்க அடிச்சிட்டு, ‘ஒர்க்ஸ் ஹார்ட்’னு திருத்தியிருக்கீங்க. அவ எழுதினதுல என்ன மிஸ் தப்பு?”

“சார், ‘ஹார்ட்’ல இருந்து வந்த வார்த்தைதான் அது. அந்தக் காலத்துல கஷ்டப்பட்டுங்கிற அர்த்தமும் இருந்துச்சு. இப்போ நேர் எதிர். உங்க பொண்ணு எழுதினதைப் படிச்சா, அப்பா வேலையே செய்யறதில்லன்னு ஆகுது. உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் திருத்தினேன்.”

“அர்த்தம் எனக்குத் தெரியும் மிஸ். அம்பத்தூர்ல எங்க கம்பெனியை மூடி எட்டு மாசமாச்சு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல. தினமும் டிபன் பாக்ஸோட கிளம்பி, பனகல் பார்க்ல உட்கார்ந்துட்டு சாயந்திரம் திரும்பறேன். எப்பவாவது ஒரு நாள் கூலி வேலை கிடைக்கும். அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.”

கிருபாகரன் தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

“தெரிஞ்சுதான் எழுதியிருக்கா. அதையும் சரியான இங்கிலீஷ்ல எழுதியிருக்கா. என்னை வேலையில்லாதவன்னு யார் வேணா சொல்லட்டும். என் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?”

பிரிஸில்லா தன் திருத்தத்தைத் தானே அடித்தார். கிருபாகரனை இன்னும் உட்காரக்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.