ஏழு பத்துக்கு ஒரு கையெழுத்து

பக்கத்து வீட்டுக்காரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு கையில் மோர் டம்ளர்.

ரோந்து வண்டி வந்துவிட்டுப் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா, தெரியவில்லை.

முன்பு இந்தச் சந்தேகமே கிடையாது. ஸ்டேஷனின் பழைய டீசல் ஜீப் ரேஷன் கடை முனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கும்.

அவள் வீட்டு கேட்டில் போலீஸ் மாட்டிவைத்த தகரப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே ரோந்துப் புத்தகம். தெருவுக்கு வந்து பார்த்ததற்கு அடையாளமாக ஏட்டு அருளப்பன் தினமும் மாலை ஏழு பத்துக்கு அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜீப்பை அணைத்தால் மறுபடி கிளம்பாது. தள்ள ஆள் வேண்டும். அதனால் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, பானெட்டின் மேல் புத்தகத்தை வைத்து எழுதுவார். ஐந்து நிமிடம் தெருவே குலுங்கும்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவள் மோர் கொண்டுவருவாள்.

போலீஸ்காரருக்கு மோர் கொடுக்க இவளுக்கு என்ன அப்படியொரு அக்கறை என்று தெரு பேசியது. தெரு என்றால் நான்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

டிவி விஷயம் பிறகுதான் பிடிபட்டது.

அவள் கணவர் சிவநேசன் கல்லூரி வாத்தியார். வாசல் கோலத்தைக்கூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். ஆறே முக்காலுக்கு வீடு திரும்புவார். ஏழு மணிக்கு அந்த வீட்டு டிவி திடீரென்று அலறும்.

செய்திதான்.

நடுவில் சுவரில் ஏதோ மோதும். அவள் குரல் மட்டும் கேட்காது.

ஜீப் முனையில் திரும்பியதும் டிவி தணியும். ஜீப் போன பிறகும் தணிந்தே இருக்கும். மறுநாள் ஏழு மணி வரைக்கும்.

சித்திரையில் ஜீப்புக்குப் பதிலாக பேட்டரி கார் வந்தது.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாதாம். அருளப்பன் தம்முடைய சொந்தக் காசு மிச்சமானதுபோல் சொன்னார். வண்டி என்ன விலை என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார். ஸ்டேஷனில் சார்ஜ் ஏற்ற ஒரே ஒரு இடம். கரண்ட் போனால் ரோந்தும் போச்சு. சார்ஜ் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிட்டு, சட்டை நனைய வருவார். ஆறரைக்கு வந்தாலும் எட்டுக்கு வந்தாலும் புத்தகத்தில் ஏழு பத்து என்றே எழுதுவார்.

ஆனால் சத்தமே இல்லை. பூனை மாதிரி வரும். பூனை மாதிரி போகும்.

தெருவுக்கெல்லாம் சந்தோஷம்.

அந்த வீட்டு டிவி எட்டு மணி வரை அலறத் தொடங்கியது.

அன்று அவள் கேட்டில் நின்றது அதனால்தான். கணவர் இன்னும் வந்திருக்கவில்லை. கார் பக்கத்தில் வந்து நின்றதும் திடுக்கிட்டாள். பாதி மோர் கீழே. கையில் ஒரு வளையல்கூட இல்லை. முந்தின நாள் காலையில் இருந்தது, நான் பார்த்தேன்.

"அண்ணே, தெருவுக்குள்ள வர்றப்போ ஒரு ஹாரன் அடிங்களேன்."

"என்னம்மா நீங்க? சத்தமில்லாம போகணும்னுதான இவ்ளோ லட்சத்தைக் கொட்டி வாங்கியிருக்காங்க. அடிச்சா திருடன் உஷாராயிட மாட்டானா?"

"உஷாராகட்டும்ணே."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் சரியாக ஏழு பத்துக்கு முனையிலிருந்தே ஹாரன் கேட்டது. நீளமாக.

டிவி தணிந்தது.

பதினோரு நாள் அடித்தார் மனுஷர். நல்ல மனுஷர்தான். எதற்கு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் நலச்சங்கத்து கமலவேணி ஒரு மனுவோடு வந்தாள். ரோந்து வண்டி தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதால் முதியோருக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இடைஞ்சல்.

"நீங்க போடுங்கக்கா. பக்கத்து வீடு, உங்களுக்குத்தான் காதைப் பொளக்கும்."

அந்த ஹாரன் எதற்கு என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் ஏழு மணி என் சீரியல் நேரம்.

டீப்பாயில் வைத்து, கோணாமல் போட்டேன்.

இரண்டாவது கையெழுத்து என்னுடையது. முதல் கையெழுத்து சிவநேசன்.

வெள்ளிக்கிழமை ஹாரன் இல்லை.

சனிக்கிழமை காலை அவளைப் படுக்கவைத்த மாதிரி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் வழுக்கிவிட்டாளாம்.

எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்கும் மாடி கிடையாது.

ஆட்டோ போன பிறகு கேட்டுக்குப் போனேன். தூணின் மேல் மோர் டம்ளர். நிறைய இருந்தது. மேலே எறும்பு மிதந்தது.

பெட்டியைத் திறந்தேன். என் பழக்கம் தெரிந்ததுதானே.

வெள்ளி. மணி 7.10. தெரு அமைதி.

கீழே அருளப்பனின் கையெழுத்து. முத்து முத்தாக.

பின்னால் புரட்டினேன். ஜீப் காலத்துப் பக்கங்கள். பானெட் நடுக்கத்தில் எழுத்தெல்லாம் ஆடிப்போய், கோணி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி. பக்கம் பக்கமாக.

அவற்றின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

தெரு அமைதியாகத்தான் இருந்தது.