ஆறாவது சர்வர்

ஆறு சர்வர் கணினிகள் சேர்ந்து ஒரே வேலையைச் சுமந்தன. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதன் வேலையை மற்றவற்றின் தலையில் கட்டிவிட்டு, புதிய பதிப்பை ஏற்றித் திரும்பச் சேர்க்க வேண்டும். பழையது ஒன்று மிச்சமிருக்கும்வரை புதியவை அதற்குப் புரியும்படி இறங்கியே பேசும். கடைசியாக ஒரு கமாண்ட் கொடுத்துவிட்டால், அதன்பிறகு பழையது எதுவும் உள்ளே வர முடியாது. ஐந்தை மாற்றி முடித்த அருமைநாயகத்துக்கு, சர்வர்களைவிடத் தன் அறையில் இருந்த ஐந்து பேர்மீதுதான் சந்தேகம். ஒவ்வொருவராகத் தலைமை அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். வந்ததிலிருந்து அவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். அவருடைய பழைய ஜோக்குக்கு ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். டீ குடித்துவிட்டு வரும்போது கதவுக்கு அப்பால் வண்டு இரைவதுபோல் வேகமான பேச்சு கேட்கும். கதவைத் திறந்தால், "டீ ஆச்சாண்ணே?" என்பாள் காந்திமதி.

இன்று ஆறாவதைக் காலி செய்தார். எந்த முரண்டும் பிடிக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அது சும்மா நின்றது. காந்திமதி பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு உங்களுக்கும் பயிற்சி போட்டிருக்காங்க. உங்க வேலைய நாங்க அஞ்சு பேரும் பிரிச்சுக்கிட்டோம்."

"அப்ப இந்தக் கடைசி கமாண்ட்?"

மற்ற நால்வரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க கெளம்புங்கண்ணே," என்றாள் அவள், நிறுத்தி நிதானமாக. "நீங்க போனதும் அத நாங்க கொடுத்துக்கறோம்."