மைத்துனனுக்கு வைத்த ஆப்பு

ஞாயிறு தவறாமல் பெயின்ட் கடைக்காரரின் மைத்துனன் வந்து, அவருடைய பிக்கப் வண்டியில் தன் டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு போவான். டீசலைச் சொட்டு மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவான். 'தர மாட்டேன்' என்றால் கடைக்காரருக்கு வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியையே கழற்றிவிட்டால் எதில் பூட்டுவான்?

கொக்கியோ அதைச் செருகியிருந்த குழாய்க்குள் துருவேறி, விருந்துக்கு வந்து தங்கிவிட்ட சொந்தம்போல் நகரவே இல்லை. எண்ணெய் ஊற்றி ஊற்றி அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, வண்டியோட சண்டையா?" மைத்துனன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றான்.

"துருப்பிடிச்சு இத்துப்போச்சு மாப்ளே. வழியில கழண்டா ஆபத்து. எடுத்துடலாம்னு..."

"நல்ல காரியம்! தள்ளுங்க. பேனா மாதிரி சுத்தியலப் புடிச்சா எப்படி வரும்?"

சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். அரை மணி நேரத்தில் கொக்கி 'ணங்' என்று தரையில் விழுந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறானே என்று கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடடா, இனி உன் டிரெய்லர மாட்ட முடியாதே மாப்ளே!"

"பெரிய டிரெய்லரா வாங்கிட்டேன் மாமா. அதுக்கு இந்தக் கொக்கி பத்தாது. கழட்டச் சொன்னா முறைப்பீங்களேன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல."

பையிலிருந்து பளபளவென்று ஒரு புதுக் கொக்கியை எடுத்துக் குழாயில் செருகினான். குறுக்கே ஒரு பூட்டையும் போட்டான்.

"காலம் கெட்டுக் கிடக்கு மாமா. எவனாவது கழட்டிடுவான்" என்று சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.