வில்லன் இல்லாத படம்

“கோச்தான் உங்களுக்குத் தெரியாம கலந்து குடுத்தாருன்னு காட்டிருவோம்லா, அண்ணே. உங்க மேல பழி வராது,” என்றார் இயக்குநர்.

ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கத்தைப் பறிகொடுத்த ஓட்டக்காரன் யோகேந்திரன், தன்னைப் பற்றி எடுக்கும் படத்தில் அப்படிக் காட்ட ஒப்பவில்லை.

“தெரிஞ்சுதான் போட்டேன். படத்துலயும் அப்படியே இருக்கட்டும்.”

“ஊரே காறித் துப்புமே.”

“இருபது வருசமா துப்பிக்கிட்டுதானே இருக்கு.”

இயக்குநரின் கார் மலேசியத் தோட்டப்புறத்தின் செம்பனைக் காட்டுக்குள் மறைந்ததும் அவன் அம்மா அவனருகில் வந்து உட்கார்ந்தாள்.

“உன் பொழப்பக் கெடுத்தவன் யாருடா? எங்கிட்டயாவது சொல்லு.”

“யாரும் இல்லம்மா.”

பெருமூச்சு விட்டபடி அவன் முழங்காலைத் தடவினாள். “இன்னும் வலிக்குதா? பகாவ் பாசார்ல மலாய்க்காரி கடையில முட்டிவலிக்கு நாட்டு மருந்து, அந்த ஜாமு மாத்திரை வாங்கியாந்திருக்கேன். பதக்கம் வாங்குன அன்னிக்குக் காலையிலகூட குடுத்தேனே, அதேதான். அப்ப ஒடனே வலி நின்னுச்சுல்ல?”

யோகேந்திரன் கையை நீட்டி வாங்கி விழுங்கினான்.