பத்து ஓட்டும் ஒரே மாதிரி

"பத்துப் பேருமே கூட்டுக் களவாணிங்கன்னு உன் புரோகிராம் சொல்லுதேப்பா!" என்று ஸ்ரீநிவாசராகவன் சார் திரையைக் காட்டினார். வகுப்பே சிரித்தது.

தாம்பரம் கல்லூரியில் என் இறுதியாண்டு புராஜெக்ட் அது. பலர் சேர்ந்து ஓட்டுப் போட்டு நடத்தும் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில், சிலர் பேசிவைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டால், என் மெஷின் லேர்னிங் புரோகிராம் பிடித்துக் கொடுக்கும்.

"யாரு இந்தப் பத்துப் பேர்?"

"என் ஃப்ரெண்ட்ஸ் சார். நாவலூர்ல ஹேமநாத், கேளம்பாக்கத்துல சத்யப்ரியா... அவங்கவங்க வீட்லேர்ந்து போட்டாங்க."

"பேசிவச்சுக்கிட்டாங்களா?"

"சேச்சே! ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியவே தெரியாது சார்."

"அப்போ புரோகிராம் தப்பு, உனக்கு அரியர். இல்ல, அதுதான் சரின்னா நிரூபி, பாஸ் போடறேன்."

முன்வரிசை உமேஷ், நாலு வருஷத்தில் முதன்முறையாக என் பக்கம் திரும்பினான். "பத்து ஃப்ரெண்ட்ஸா? கலக்கறே மச்சான்!"

நான் உமேஷின் முகத்தைப் பார்த்தேன்.

"புரோகிராம்தான் தப்பு சார்."

சார் அரியர் போட்டார்.

பாவம், அந்த புரோகிராம். உதவி கேட்க ஓர் ஆள் இல்லாமல், என் பெருங்களத்தூர் அறையில் உட்கார்ந்து பத்துப் பெயரிலும் நானே ஓட்டுப் போட்டதை அது மூன்றே நொடியில் கண்டுபிடித்திருந்தது.